பேச்சு நின்றால் வண்டி நின்றுவிடும்

அன்று இரவு மதுரை விமான நிலையத்தில் இறங்கியவர்களில் காலில் செருப்பில்லாமல் வந்தவர் என் அப்பா ஒருவர்தான். செருப்பு என் பையில் இருந்தது. கால்கள் இரண்டும் வீங்கிப் போயிருந்ததால் அதை மாட்ட முடியவில்லை. விமானத்தின் படிகளில் இருந்து அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். தரையில் வைத்ததும் அவர்களைப் பார்த்து, "கல்யாண மாப்பிள்ளையக்கூட இப்படித் தூக்கமாட்டாக" என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலமே வந்திருக்க வேண்டிய விமானம் அது. சென்னையிலேயே வெகுநேரம் காத்திருக்க வைத்துவிட்டார்கள். அந்த நேரமெல்லாம் அப்பாவின் மூச்சில் இருந்து செலவாகிக்கொண்டிருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். சென்னை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டார். ரயிலில் இரவு முழுக்க உட்கார்ந்துவர அவரால் முடியாது என்றும் அவரே சொன்னார். அதனால்தான் விமானம். எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் கல்லூரி போனவளும், சென்னையில் அரசாங்க அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவளும் நான்தான். அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்க்கலாம் என்று சொன்னதும் நானே. ஊரில் வேண்டாம் என்றார்கள். "கம்பத்து டாக்டருக்குத் தெரியாததா அங்கன தெரிஞ்சிரப் போகுது?" என்று சித்தப்பா கேட்டார். முயன்று பார்த்ததற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்படியாச்சும் ஊரு எல்லைக்குள்ள கொண்டு போயிரு ஆத்தா. அதுக்கப்புறம் எப்பன்னாலும் சரி."

எங்கள் ஊர் கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டியது. வெளியூரில் உயிர் போனவரை அங்கே ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். எல்லையில் வாய்க்கால் பாலத்துக்கு வெளிப்பக்கமே கிடத்துவார்கள். குளிப்பாட்டுவது, மாலை போடுவது, அழுவது எல்லாம் அந்தப் புழுதியிலேயே நடக்கும். அங்கிருந்து நேராகச் சுடுகாடு. செத்தவர் தன் வீட்டு வாசலைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பது கிடையாது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மேகமலை எஸ்டேட்டில் மரத்துக்குக் கிளை கழிக்கப் போய் விழுந்து இறந்துபோனார். ஜீப்பில் கொண்டுவந்து பாலத்தடியில் போட்டார்கள். நல்ல மழை. அவருடைய சம்சாரம் சேற்றில் உட்கார்ந்து அழுதது. இறந்தவரின் முகத்தில் மழை விழாமல் அப்பா நெடுநேரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "என்னிய நம்ம வாசல்லேருந்துதேன் தூக்கணும்" என்று இருட்டில் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நான் வாதாடிப் பார்த்தேன். எல்லை, தீட்டு எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை அப்பா என்றேன். "நீ நம்ப வேண்டாம். நான் நம்புறேன்ல" என்றார்.

விமானத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கார்கள் வந்திருந்தன. பெட்டியோடு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். பட்டாளத்தில் இருப்பவர் போன்ற ஒருவர் மட்டும், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார். பஸ்ஸில் அப்பாவை எப்படி உட்காரவைப்பது? வேண்டாம் என்றேன். வாடகைக் கார்க்காரர்களில் ஒருவர் அப்பாவின் கால்களைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். இன்னொருவர், "கம்பமா? டயர் சரியில்ல தங்கச்சி" என்றார். டயர் புதிது. உள்ளே ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்கள். காவலாளி வந்து, கேட்டைப் பூட்ட வேண்டும், நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அப்பாவை வேப்பமரத்தடியில் கல்லில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் என் முட்டியால் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக நின்றிருந்தது ஒரு வெள்ளை அம்பாசிடர். அதன் டிரைவர் நாற்பதைத் தாண்டியவர். பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் எழுந்துவந்து, அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவருக்கு என்ன?"

"நெஞ்சில சளிண்ணே."

"பொய் சொல்லாத ஆத்தா. நானும் பெரியாஸ்பத்திரி வாசல்ல வண்டி போட்டவன்தேன்."

நான் உண்மையைச் சொன்னேன். எல்லை விஷயத்தையும் சொன்னேன். அவர் காதைச் சொறிந்துகொண்டே கேட்டார். அவருக்கு ஒரு பயம் இருந்தது. முன்பு ஒருமுறை அவருடைய வண்டியில் வழியிலேயே ஒருவர் உயிர் போயிருக்கிறது. அந்தச் செய்தி ஸ்டாண்டு முழுக்கப் பரவி, நெடுநாள் யாரும் அவர் வண்டியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லையாம். பொண்ணு மாப்பிள்ளை ஏறுகிற வண்டியில் பிணம் ஏறியிருக்கக் கூடாது.

"வர்றேன். ஆனா ஒண்ணு" என்றார். "பெரியவரு முன்னாடி, எம் பக்கத்துல உக்காரணும். எங்கூடப் பேசிக்கிட்டே வரணும். பேச்சு நின்னா வண்டி நின்னுரும். எங்கன நிக்குதோ அங்கனயே எறக்கி வச்சிட்டுத் திரும்பிருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லப்பிடாது. சம்மதமா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே கல்லில் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சம்மதம் தம்பி. நான் பேசுறத நிப்பாட்டச் சொல்லித்தேன் எல்லாரும் கேப்பாக. நீ ஒருத்தன்தேன் பேசச் சொல்லிக் கேட்டவன்."

டிரைவர் சிரித்துவிட்டார். இருவருமாக அப்பாவை முன் சீட்டில் ஏற்றினோம். அவருடைய துண்டை மார்புக்குக் குறுக்கே கொடுத்து சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். நான் நேர் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கைகளை நீட்டி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் அவர் காதுக்கு அருகில் இருந்தது. அவருடைய தலையில் ஆஸ்பத்திரி வாசனையும், அதற்குள்ளே பழைய நல்லெண்ணெய் வாசனையும் இருந்தன.

உசிலம்பட்டி வரைக்கும் அப்பா நன்றாகவே பேசினார்.

"என்ன வெவசாயம் பெரியவரே?"

"திராச்ச. குத்தகைத் தோட்டம்."

"பன்னீர்த் திராச்சையா? அது புளிக்குமே."

"புளிக்கிறத வாங்கித் தின்னது ஒங்க ஊரு யாவாரி செஞ்ச கோளாறு. எங்க பந்தலுக்குக் கீழ வந்து அண்ணாந்து நின்னு தின்னு பாரு."

கொஞ்ச தூரம் போனபின் டிரைவர் என் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டிக் கேட்டார்.

"பொம்பளப்புள்ளய எதுக்கு இம்புட்டுப் படிக்க வச்சீக? மாப்பிள்ள தேடுறது கஷ்டமாச்சே."

அப்பா மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"என்னிய… ஏரோப்பிளேன்ல ஏத்துறதுக்குத்தேன். ஒம் பொண்ணு ஒன்னைய எதுல ஏத்துவா? இந்த டப்பாவுலதான?"

"யாத்தே! டப்பான்டாரு பாரு ஆத்தா!" என்று டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டினார். என் கைக்குக் கீழே அப்பாவின் நெஞ்சு சிரிப்பில் குலுங்கியது. அந்தச் சிரிப்பை என் உள்ளங்கை இப்போதும் வைத்திருக்கிறது.

உசிலம்பட்டியில் டிரைவர் டீ குடித்தார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்குப் பிறகு பதில்கள் சுருங்க ஆரம்பித்தன. இரண்டு சொல், ஒரு சொல். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறும்போது "ம்" மட்டும்தான். கேள்வி வரும். காத்திருப்பேன். என் கைகளுக்குள் நெஞ்சு மெல்ல ஏறும். "ம்" வரும். டிரைவரின் கால் ஆக்சிலேட்டரை மிதிக்கும். அந்த ஒரு எழுத்தில்தான் எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு பக்கமும் பாறைக் கரடு. ஒரு வெளிச்சம் கிடையாது. இங்கே இறக்கி வைத்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். முதுகில் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்று முடிவு செய்தேன். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்தேன்.

கணவாய் தாண்டி இறங்கியதும் டிரைவர், "பெரியவரே, மலை தாண்டியாச்சு. ஒங்க காத்து வருதா?" என்றார்.

பதில் இல்லை.

"பெரியவரே?"

வண்டியின் வேகம் குறைந்தது. அவருடைய கால் பிரேக்குக்கு மாறுவது எனக்குத் தெரிந்தது. நான் அப்பாவின் காதோரம் வாயை வைத்து, அடித்தொண்டையில், "ம்" என்றேன்.

எனக்குக் கொஞ்சம் கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே கேலி செய்வார்கள். அப்பனுடைய குரலை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று அத்தைகள் சொல்வார்கள். கால் பிரேக்கில் இருந்து எடுபட்டது. வண்டி ஓடியது.

நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தேன். வெகுநேரமாக நீட்டியே வைத்திருந்ததில் என் கைகள் மரத்துப் போயிருந்தன. வண்டியின் அதிர்வு எது, மூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. கையை எடுத்து மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் டிரைவர் பார்த்துவிடுவார். அதைவிட, எனக்கே தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. தெரியாத வரையில் அப்பா எல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

தேனியில் ஒரு பெட்ரோல் பங்கு முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அப்பாவின் பக்கம் வந்து கதவு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். விளக்குக் கம்பத்தின் மஞ்சள் வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. டிரைவர் கையை உள்ளே விட்டு, சரிந்திருந்த துண்டை ஏற்றிவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியிலேயே போட்டு மிதித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

பழனிசெட்டிபட்டியைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தவர்தான். அதுவரை இல்லாத அளவுக்குப் பேசினார்.

"இந்த வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் வருசாவருசம் வண்டி ஓட்டிருக்கேன் பெரியவரே. நீங்களும் வந்துருப்பீகல்ல?"

"ம்" என்றேன்.

"ராட்டினத்துல புள்ளைய ஏத்திவிட்டிருப்பீக."

"ம்."

"ஆத்துல இப்பத் தண்ணி வருதுபோல. சத்தம் கேக்குது."

"ம்."

முதலில் அவர் என்ன, எது, எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தார். இப்போது "ம்" போட்டால் போதும் என்கிற கேள்விகளாகவே கேட்டார். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நான் அடுத்த "ம்"முக்கு மூச்சு பிடித்துவைப்பதிலேயே இருந்தேன். இரண்டு பக்கமும் வாழைத் தோப்புகள் ஓடின. காற்றில் ஈரம் இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் காற்று.

சின்னமனூர் தாண்டிய பின் அது நடந்தது. டிரைவர் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டாராம். "மேல படிக்க வைக்கட்டுமா பெரியவரே? என்ன சொல்றீக?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னால் அப்போது ஒலி எழுப்ப முடியவில்லை.

"ம்" என்று கேட்டது.

நான் சொல்லவில்லை. கட்டையான, தேய்ந்த, தெளிவான ஒரு "ம்". டிரைவர் தலையை ஆட்டினார். "சரி, படிக்க வைக்கிறேன்" என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. "அப்பா" என்று காதில் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் காது குளிர்ந்திருந்தது. ஆனால் ஜன்னல் காற்றில் என் காதும்தான் குளிர்ந்திருந்தது.

அப்பா சொல்லியிருக்கலாம். டிரைவரே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் என் தொண்டையே சொல்லியிருக்கலாம். பகலில் யோசிக்கும்போது இரண்டாவதுதான் சரி என்று தோன்றும். இரவில் தோன்றாது.

வாய்க்கால் பாலத்தை அடைந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. சென்னையில் இருந்து நான் கொடுத்த தந்தி கிடைத்து, சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் அரிக்கேன் விளக்கோடு பாலத்தில் நின்றிருந்தார்கள். பக்கத்திலேயே பாடைக்கான தென்னங்கீற்றுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். சித்தப்பா வண்டியை மறித்து, விளக்கைத் தூக்கிப் பிடித்து, "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டார். பிறகு டிரைவரிடம், "உசுரு இருக்காய்யா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். படித்த பிள்ளை சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் டிரைவர் அதட்டலாகச் சொன்னார்.

"என்னய்யா கேள்வி கேக்குறீக? மதுரையிலேருந்து பேசிக்கிட்டே வர்றாக. இப்பத்தேன் கண்ணசந்தாக. வெளக்க மூஞ்சியில காட்டாதீக. வழிய விடுங்க, வீட்ல கொண்டுபோய்ப் படுக்கப் போடணும்."

வழி விட்டார்கள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். நாலு பேர் அப்பாவைத் தூக்கி வாசற்படி தாண்டி நடுவீட்டில் கிடத்தினார்கள். அம்மா கரண்டியில் பால் வைத்தாள். அது கடைவாய் வழியாக வழிந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகுதான் அழுகைச் சத்தம் எழுந்தது. "குடுத்து வச்ச மனுசன். படி தாண்டித்தேன் உசுர விட்டாக" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் வெளியே ஓடி வந்தபோது வண்டி திரும்பிப் போய்விட்டிருந்தது. டிரைவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

காலை பஸ்ஸில் உத்தமபாளையத்தில் இருந்து அத்தை மகன் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வாசலில் ஆண்களோடு உட்கார்ந்தார். அவர் பேச்சு உள்ளே எனக்குக் கேட்டது.

"அங்கன பாலத்துக்குக் கீழ ஒரு கூத்து. வெள்ளக் காரு ஒண்ணு. முன் சீட்டக் கழட்டிக் கரையில கெடத்தி, டிரைவரு குடம் குடமா ஊத்திக் கழுவுறான். உடுத்துன துணியோட முங்கி முங்கி எந்திரிக்கிறான். என்னய்யான்னு கேட்டா, ஒங்க ஊருக்கு ஒரு பெரியவரக் கொண்டாந்து விட்டுட்டு வர்றேங்குறான்."

வாசலில் பேச்சு நின்றுபோனது. வண்டியை இப்படிக் கழுவுவது எதற்கென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா இன்னும் நடுவீட்டில் கிடந்தார். தூக்கிக் கொண்டுபோய் மறுபடி எல்லையில் வைக்கச் சொல்வார்களோ என்று பயந்தேன். தலைமாட்டில் இருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு வந்த மனுசன் தண்ணியக் கண்டா குளிக்க மாட்டானா? எம் புருசனுக்குக் குமட்டிக்கிட்டு வந்துருக்கும், சீட்டுல வாந்தி எடுத்திருப்பாக. இதப்போயி ஒரு சேதின்னு சொல்ல வந்துட்டீரு. போயி மூங்கிலு வந்துருச்சான்னு பாரும் மருமகனே."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஆமா, மூங்கிலப் பாருங்கப்பா" என்றார். யாரோ எழுந்து போனார்கள். மத்தியானம் எங்கள் வாசலில் இருந்துதான் அப்பாவைத் தூக்கினார்கள்.

அன்று இரவு உறவுக்காரர்கள் அங்கங்கே படுத்துத் தூங்கிப் போனார்கள். நானும் அம்மாவும் நடுவீட்டில் எரிந்த விளக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்தோம். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கன வச்சு?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கணவாய் என்று சொல்ல நினைத்தேன். அப்படியானால் சின்னமனூருக்கு அப்பால் பேசியது யார்? சின்னமனூருக்கு அப்பால் என்று சொன்னால், கணவாய்க்குக் கீழே நான் ஏன் பேசினேன்?

"தெரியலம்மா" என்றேன்.

இப்போதும் லீவுக்கு வரும்போது மதுரையில் பஸ் ஏறினால் ஆண்டிபட்டிக் கணவாய் வரை தூங்குவேன். அதற்கு மேல் கண் மூடாது. கரடு, பெட்ரோல் பங்கு, வாழைத் தோப்பு, மைல்கல் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவேன், அம்மாவிடம் சொல்வதற்கு ஓர் இடம் கிடைக்குமா என்று.